எதைத் தொட்ட, அதைச் சொல்லு

வா சாமி, உக்காரு. பொட்டிய அந்த ஓரமா வெய்யி. மூஞ்சிய எதுக்கு இப்படித் தொங்கப் போட்டுக்கினு வர்ற? 2023ல தக்காளி கிலோ நூறு ரூபாயத் தாண்டுச்சே, அப்ப பாலக்கோடு மார்க்கெட்டுல வித்த காசுல உங்கப்பன் வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டரு இது. நேத்து சாயங்காலம் வரைக்கும் சொன்ன பேச்சு கேட்டுக்கினு இருந்துச்சு. நீ என்னா பண்ண? பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போயி ஒரு கிராபிக்ஸ் கார்டு, ஒரு ரேம், ஒரு எஸ்எஸ்டி, மூணையும் வாங்கியாந்து ஒரே ராத்திரியில சொருகுன. இப்ப "தாத்தா, ஆன் ஆவ மாட்டேங்குது"ன்னு நிக்கிற. மூணையும் ஒண்ணா உள்ள தள்ளிட்டியே, இப்ப நான் யார் மேலடா சந்தேகப்படுறது?

மருமவன் இல்ல, நல்லாம்பள்ளி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பிரிண்டர் பாக்கப் போயிருக்கான். பயப்படாத, நானே சொல்றேன். கடை அவனுது. 2004ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமாப் பிரிஞ்சு போச்சு பாரு, அந்த வருசம் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல போட்டான். நான் அதுக்கு முந்தியெல்லாம் போர்வெல் மோட்டாருக்கு காயில் கட்டிக்கினு இருந்தவன். கை நடுங்க ஆரம்பிச்ச அப்பால இந்த ஸ்டூல்ல உக்காந்தேன். கம்ப்யூட்டரப் பத்தி மருமவனுக்குத் தெரியும். அதைக் கொண்டார்றவனப் பத்தி எனக்குத் தெரியும். இத்தனை வருசத்துல கம்ப்யூட்டரு ஒரு நாளும் பொய் சொல்லல. கொண்டார்றவன் சொல்லாத நாள் இல்ல. "நான் ஒண்ணும் பண்ணல, தானா நின்னு போச்சு"ம்பான். மூடியத் தொறந்தா புது ரேமு பளபளன்னு இருக்கும், ஸ்டிக்கர் கூட பிரிச்சிருக்க மாட்டான்.

மருமவன் என்னைய கடையில மதிக்க ஆரம்பிச்சதே ஒரு கெபாசிட்டரால. அந்தக் காலத்து மதர்போர்டுல கெபாசிட்டரு தலை உப்பிக்கினு, பழுப்பா எதையோ கக்கி வெச்சிருக்கும். இந்த ஊரு வியாதி இல்ல, 2000த்துக்கு அப்பால ஏழெட்டு வருசம் உலகம் பூரா இருந்துச்சு. உள்ள ஊத்துன எலக்ட்ரோலைட்டு சரியில்ல. இவன் விண்டோஸ மாத்திப் போட்டு மாத்திப் போட்டுப் பாத்துக்கினு இருந்தான். நான் ஸ்டூல்ல உக்காந்துக்கினே, "மாப்ள, அந்த உருளை உப்பிக்கினு இருக்குது பாருங்க"ன்னேன். மோட்டாருக்கு எத்தினி கெபாசிட்டரு மாத்தியிருப்பேன், எனக்குத் தெரியாதா? அன்னியிலருந்து எனக்கு சாயங்கால டீ கடைக் கணக்குல வருது.

சரி, உன் கதைக்கு வா. ஆன் ஆவலன்னா என்னா ஆவல? சுவிட்ச அமுக்குனா சுடுகாடு மாதிரி கிடக்குதா? காத்தாடி ஒரு சுத்து சுத்திட்டு நிக்குதா? காத்தாடி சுத்துது, லைட்டு எரியுது, மானிட்டருல மட்டும் ஒண்ணும் இல்லியா? இல்ல, கம்பெனி பேரெல்லாம் காட்டிட்டு விண்டோஸ் வராம நிக்குதா? நாலும் நாலு வியாதி, நாலுக்கும் வேற வேற வைத்தியம். நீங்க எல்லாத்துக்கும் "டெட்டு"ங்கிற ஒரே வார்த்தைய வெச்சுக்கினு வர்றீங்க. போன வாரம் ஒருத்தன் அரூருல இருந்து டெட்டுன்னு தூக்கியாந்தான். மானிட்டரு சுவிட்சு ஆஃப்புல இருந்துச்சு. பஸ் காசு குடுத்து அனுப்பி வெச்சோம்.

சுத்தமா உசுரே இல்லன்னா பெருசா யோசிக்க வேணாம். எஸ்எம்பிஎஸ் முதுகுல ஒரு குட்டி சுவிட்சு இருக்குது பாரு, ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். கோட்டுப் பக்கம் அமுங்கியிருந்தா கரண்டு போவும். பொட்டியத் தொறக்கறப்ப பயந்து வட்டத்துல அமுக்கியிருப்பீங்க, மூடுறப்ப மறந்துடுவீங்க. சிரிக்காத. அந்த ஒரு வட்டத்தாலயே இந்தக் கடைக்கு ஒரு பவுன் காசு வந்திருக்கும். அப்பால அந்த 24 பின்னு பட்டை கனெக்டரு. அது கிளிப்பு விழற வரைக்கும் அழுத்தி உக்காரணும். நீங்க மதர்போர்டு வளையுதேன்னு பாதியில விட்டுடுவீங்க. அப்பறம் முன்னாடி பட்டன்ல இருந்து வர்ற நூலு மாதிரி வயரு. அதைக் கழட்டிட்டு எந்தக் குச்சியில இருந்துச்சுன்னு தெரியாம எதுலயோ சொருகியிருப்பே. கழட்டறதுக்கு முந்தி ஒரு போட்டோ எடுத்தா என்னா? சோறு துன்னா போட்டோ, மாடு கன்னு போட்டா போட்டோ. இதுக்கு மட்டும் எடுக்க மாட்டீங்க. மருமவன் அந்த வயரையே நம்ப மாட்டான், பவர் சுவிட்சு குச்சி ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு நொடி தொட்டு விடுவான். பொட்டி எழுந்தா கோளாறு பட்டன்ல. எழலன்னா உள்ள.

என்னாது? காத்தாடி ஒரு சுத்து சுத்துது, லைட்டு மினுக்குது, நிக்குது, மறுபடி தானா சுத்துதா? அப்பிடிச் சொல்லு. இதத்தான் அரை மணி நேரமா வாயில வெச்சுக்கினு இருந்தியா?

அதுக்கு மூணு நாலு காரணம் உண்டு. மதர்போர்டுல மேல் மூலையில, பிராசசருக்குப் பக்கத்துல, நாலு பின்னோ எட்டு பின்னோ தனியா ஒரு கரண்டு வாய் இருக்கும். பிராசசருக்குச் சோறு அது வழியாத்தான் போவும். கூலரு காத்தாடி மறைச்சுக்கினு இருக்கறதால முக்காவாசிப் பேரு அதை மறந்துடுவாங்க. புது மதர்போர்டு போட்டவன்னா, அடியில நிக்கிற பித்தளை நட்டுல ஒண்ணு எடம் மாறி நின்னு போர்டு முதுகத் தொட்டுக்கினு இருக்கலாம், ஷார்ட்டு. நீ போர்டு மாத்தல, அதனால அத உடு. ரேமு சரியா உக்காரலன்னாலும் சில போர்டு இப்படி எழுந்து எழுந்து விழும். எனக்கு ரேம் மேல சந்தேகம் கம்மி. அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரப் படி பாக்கலாம். 450 வாட்ஸா? கேபினெட்டோட சும்மா வந்ததா? அது சரி.

கார்டு என்னா கார்டு? ஆர்டிஎக்ஸ் 3060. நல்ல கார்டுதான். அது ஒண்ணே 170 வாட்ஸ் துன்னும். செஞ்ச கம்பெனிக்காரனே 550 வாட்ஸ் சப்ளை இருந்தா போடுன்னு சொல்றான். மதர்போர்டுல சொருகுற அந்த நீள வாயி 75 வாட்ஸ்தான் குடுக்கும். மிச்சத்துக்குத்தான் கார்டு தலையில எட்டு பின்னு வெச்சிருக்கான், அது 150 குடுக்கும். ஆறு பின்னா இருந்தா 75. உன் எஸ்எம்பிஎஸ்ல எட்டு பின்னே இல்லியே, எப்படிடா குடுத்த? ஓ, கன்வெர்ட்டரு! பழைய காலத்து ஹார்ட் டிஸ்குக்குப் போற நாலு பின்னு வயரு ரெண்டப் புடிச்சு எட்டாக்கிட்டியா? அந்த வயரு வாய மோந்து பாத்தியா? பிளாஸ்டிக் வாடை வருதா, இல்லியா? வரலன்னா உன் குலசாமிக்கு ஒரு தேங்கா உடை.

நான் காயில் கட்டுன காலத்துல பென்னாகரம் பக்கம் ஒருத்தரு இருந்தாரு. 5 எச்பி ஓடிக்கினு இருந்த போர்ல, தண்ணி பத்தலன்னு ஏழரை எச்பி இறக்கிட்டாரு. கேபிளும் பழசு, ஸ்டார்ட்டரும் பழசு. சுவிட்சப் போட்டா "உம்"முன்னு ஒரு மொனகல், டப்புன்னு ட்ரிப்பு. மறுபடி போட்டா மறுபடி ட்ரிப்பு. அவரு மோட்டாரு வித்தவனப் போயி சண்ட போட்டுட்டு வந்தாரு. மோட்டாருல ஒரு குத்தமும் இல்ல. இழுக்க வேண்டியத இழுக்க வழி இல்லாம அது முனகுது, இவரு அதப் போயி திட்டறாரு. உன் 3060ம் அதே கேஸு. எழுந்திரிக்கறப்ப ஒரே மூச்சுல இழுக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ள ஒரு காவல் சர்க்யூட்டு இருக்குது, தாங்காதுன்னு தெரிஞ்சா அதுவே கதவச் சாத்திடும். அதான் சுத்து, நிறுத்தம், சுத்து, நிறுத்தம். கதவச் சாத்துதேன்னு சந்தோசப்படு. அந்தக் காவலும் இல்லாத மட்டமான சப்ளையா இருந்திருந்தா மதர்போர்டையும் கூட்டிக்கினு போயிருக்கும்.

ஸ்டிக்கருல பெருசா எழுதியிருக்கற 450ஐ நம்பாத. அதுக்குக் கீழ ஒரு கட்டம் இருக்கும், அதுல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தினி ஆம்பியருன்னு பாரு. 12ஐயும் அதையும் பெருக்கு. இந்தக் காலத்துப் பிராசசரும் கார்டும் துன்றதெல்லாம் அந்த 12 வோல்ட்டுலதான். பெருக்கிப் பாத்தா சில பொட்டியில 450 இருக்காது, முன்னூறச் சுத்தி நிக்கும். மிச்சத்த அங்க இங்க 5 வோல்ட்டுலயும் 3.3 வோல்ட்டுலயும் சேத்துக் கணக்கு காட்டியிருப்பான். கட்டமே இல்லாத ஸ்டிக்கரும் உண்டு. அந்தச் சப்ளைய வெச்சுக்கினு ரேடியோ கூட கேக்காத.

பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு கம்பியால சேத்தா எஸ்எம்பிஎஸ் காத்தாடி சுத்தும், அதனால அது நல்லாருக்குதுன்னு சொல்லுவ. அப்பிடி டெஸ்ட் பண்ணலாம், மருமவனும் பண்ணுவான், எல்லா கனெக்டரையும் கழட்டிட்டு. ஆனா சுமை இல்லாம சுத்துறத வெச்சு யாருக்கும் சர்டிபிகேட் குடுக்கக் கூடாது. சுத்தலன்னா செத்துதுன்னு உறுதியாச் சொல்லலாம். சுத்துனா, சுத்துது, அவ்ளோதான். உள்ள தொறந்து பாக்கறேன்னு மட்டும் கெளம்பாத. கரண்டப் புடுங்குன அப்பாலயும் உள்ள இருக்கற பெரிய கெபாசிட்டரு அடிக்கும். மோட்டாரு கெபாசிட்டருல நான் வாங்கியிருக்கேன், உனக்கு எதுக்கு?

இன்னொரு கூட்டம் வரும். பெங்களூருல கம்பெனிக்காரன் கழிச்சுப் போட்ட பிராண்டட் பொட்டிய எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு வாங்கியாந்து, அதுல பெரிய கார்டு போடுவானுங்க. அதுல 240 வாட்ஸ் சப்ளைதான் இருக்கும், சிலதுல அதுக்கும் கம்மி. சரி மாத்திக்கலாம்னு பாத்தா, அதோட கனெக்டரு வடிவமே வேற, வெளிக் கடையில வாங்குற எஸ்எம்பிஎஸ் சேராது. அந்தப் பொட்டிக்கு ரேமும் எஸ்எஸ்டியும் போதும். டைப் அடிக்கறதுக்கும் டிஎன்பிஎஸ்சி அப்ளிகேசன் போடறதுக்கும் அது ராசா மாதிரி ஓடும். கேம் ஆடணும்னா வேற பொட்டி பாரு.

சரி, சப்ளை மாத்திட்ட, எல்லாம் சுத்துது, மானிட்டருல ஒண்ணும் வரலன்னு வெச்சுக்க. அப்பவும் நீ இங்க ஓடி வருவ. அதனால இப்பவே கேட்டுக்க. கார்டு போட்ட அப்பால மானிட்டரு வயர கார்டுல சொருகணும். நீ பழைய பழக்கத்துல மதர்போர்டுல இருக்கற வாயிலயே சொருகி வெச்சிருப்ப. இண்டெல்லுல பேருக்குக் கடைசியில எஃப்புன்னு ஒரு எழுத்து இருந்தா அந்தப் பிராசசருக்கு சொந்தமா படம் காட்டத் தெரியாது, மதர்போர்டு வாயில சொருகினா இருட்டுதான். ரைசன் 5600க்கும் தெரியாது. கார்ட கழட்டிட்டு "இப்ப வருதா பாரு"ன்னு சோதிக்கறவன் இத முதல்ல தெரிஞ்சுக்கினு கழட்டணும், இல்லன்னா நல்லா இருக்கறதயும் செத்துதுன்னு எழுதிடுவான்.

ரேமுக்கு நாலு வாயி இருந்தா, ரெண்டு ரேம பிராசசருல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடு. பக்கத்துல பக்கத்துல போடாத. ஒண்ணு மட்டும்னா ரெண்டாவதுல. பழைய ரேமோட புது ரேமு ஒத்துப் போவலன்னா, பழசக் கழட்டிட்டு புதுச மட்டும் போட்டுப் பாரு, அப்பால மாத்திப் பாரு. டிடிஆர்3ய டிடிஆர்4 வாயில தள்ளப் பாக்காத. நடுவுல இருக்கற வெட்டு வேற எடத்துல இருக்கும், சேராது. சேராதத சேத்து வைக்கற வீரனையும் நான் பாத்திருக்கேன், வாயி ஒடைஞ்சு போயி வந்தான். தங்க நெறத்துல இருக்கற பல்ல பென்சில் அழிக்கற ரப்பரால தேய்க்கறது நம்ம பக்கம் பெரிய வைத்தியம். பழைய ரேமுக்கு அது கேக்கும், புதுசுக்கு வேணாம். தேய்ச்ச தூள ஊதித் தள்ளாம வாயில சொருகினா வியாதி கூடும். டிடிஆர்5 போட்ட புதுப் பொட்டின்னா முதல் தடவ ரேமப் பழகிக்கறதுக்கே சில நிமிசம் இருட்டா நிக்கும். நீங்க முப்பது செகண்டு பாத்துட்டு சுவிட்ச அமுக்கி நிறுத்திடுவீங்க, அது மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஒரு டீ குடிச்சிட்டு வா.

முந்தியெல்லாம் பொட்டியே பேசும். எழுந்ததும் ஒரு "பீப்" வந்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டு வந்தா டிஸ்ப்ளே கார்டுல வம்பு. இப்ப கேபினெட்டுல கண்ணாடி போடறான், கலர் கலரா லைட்டு போடறான், அந்தப் பத்து ரூபா ஸ்பீக்கர மட்டும் எடுத்துட்டான். பதிலுக்கு நல்ல மதர்போர்டுல ஓரமா நாலு குட்டி லைட்டு வெச்சிருக்கான். சிபியு, டிராம், விஜிஏ, பூட். எந்த லைட்டுல நின்னு போவுதோ அங்க வம்பு. கண்ணு இருந்தா பாத்துக்கலாம்.

நீ பிராசசர மாத்தல, நல்லவேள. அது தனிப் பெரிய கதை, உன் கூட்டாளிங்க யாராவது கேட்டா சொல்லு. பிராசசரு குழியில கச்சிதமா உக்காந்துடுச்சுன்னா வேலை செய்யும்னு நினைக்காத. 2017 கடைசியில இண்டெல்காரன் எட்டாம் தலைமுறைய எறக்குனான். குழி அதே எல்ஜிஏ 1151. ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை போர்டு வெச்சிருந்தவனெல்லாம் ஆசையா வாங்கிச் சொருகுனான். உக்காந்துச்சு, எழுந்திரிக்கல. புதுப் போர்டும் சேத்து வாங்கினாத்தான் ஆச்சுன்னுட்டான். ஏஎம்டிகாரன் அந்த விசயத்துல கொஞ்சம் நியாயஸ்தன். 2017ல இருந்து ரைசனுக்கு ஒரே ஏஎம்4 குழிய வருசக் கணக்கா ஓட்டுனான். அவங்கிட்டயும் வேற வம்பு. 2018ல வந்த பி450 போர்டுக்கு 2022ல வந்த 5600ஐ யாருன்னே தெரியாது. பயாச அப்டேட் பண்ணி அறிமுகம் பண்ணி வெச்சாத்தான் எழுந்திரிக்கும். பழைய பிராசசரு குழியில இருக்கறப்பவே பண்ணிடணும். கழட்டி வித்துட்டு அப்பறம் யோசிச்சா என்னா பண்ணுவ?

2018 பிப்ரவரியில 2200ஜி, 2400ஜின்னு ரெண்டு பிராசசரு வந்தப்ப இதே கூத்து நடந்துச்சு. கடையில இருந்த போர்டெல்லாம் பழைய பயாஸு. புது போர்டு, புது பிராசசரு, ரெண்டும் நல்லது, பொட்டி எழுந்திரிக்கல. அப்டேட் பண்ணணும்னா பொட்டி எழுந்திரிக்கணும், பொட்டி எழுந்திரிக்கணும்னா அப்டேட் பண்ணணும். ஏஎம்டி என்னா பண்ணான் தெரியுமா? கேட்டவனுக்கெல்லாம் ஒரு பழைய சின்னப் பிராசசர தபால்ல அனுப்பி வெச்சான், இரவலா. அதப் போட்டு எழுப்பி, பயாச ஏத்திட்டு, கழட்டித் திருப்பி அனுப்பிடணும். அமெரிக்கா கம்பெனி, உலகம் பூரா யாவாரம், கடைசியில பக்கத்து வூட்டுல சல்லடை இரவல் வாங்குற வைத்தியம்தான் கை குடுத்துச்சு. இப்ப சில போர்டுல பிராசசரே இல்லாம பென் டிரைவச் சொருகி ஒரு பட்டன் அமுக்கினா பயாஸ் ஏறிடும். ஆனா யுபிஎஸ் இல்லாம அந்த வேலையில எறங்காத. நம்ம ஊரு கரண்டு, பயாஸ் பாதி ஏறியிருக்கறப்ப பாத்து தான் போவும்.

எல்லாம் தலைகீழா நிக்குதுன்னா பயாச பழைய நிலைக்குத் திருப்பிடலாம். கரண்ட முழுசாப் புடுங்கிட்டு, போர்டுல இருக்கற அந்த வட்டப் பேட்டரிய, சிஆர்2032ன்னு போட்டிருக்கும், எடுத்து அஞ்சு நிமிசம் கழிச்சுப் போடு. பழசா இருந்தா புதுசே போடு, வாட்ச் கடையிலயே கெடைக்கும். விண்டோசுல லாக்கு கீக்கு போட்டு வெச்சிருந்தா மட்டும், பயாஸ்ல கை வைக்கறதுக்கு முந்தி அந்த 48 எண்ணு இருக்கற ரெகவரி கீயை எழுதி வெச்சுக்க. போர்டு மாத்துனாலோ பயாஸ் ஏத்துனாலோ "நீ யாரு"ன்னு கேட்டு அதத்தான் கேக்கும். பிட்லாக்கர்னு பேரு. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியல.

படம் வருது, விண்டோஸ் வரலன்னா கரண்டுல வம்பு இல்ல. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட்டு முடிஞ்சுதுல்ல, அதுக்கு முந்தியும் பிந்தியும் இந்தக் கடையில பாதி கூட்டம் அதுதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும், செக்யூர் பூட்டு வேணும்னு எவனோ சொன்னான்னு பயாஸ்ல போயி எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு, பழைய முறைய ஆஃப் பண்ணிடுவானுங்க. டிஸ்கு இன்னும் பழைய எம்பிஆர் கணக்குல இருக்கும். மறுநாள் காத்தால டிஸ்கே தெரியாது. டிஸ்கு எங்கயும் போவல. ஆஃப் பண்ணத மறுபடி ஆன் பண்ணா வந்து நிக்கும். டிஸ்க ஜிபிடிக்கு மாத்திட்டு அப்பால ஆஃப் பண்ணணும், அதான் வரிசை. நீ போட்ட அந்த எஸ்எஸ்டி எம்.2 தானே? சில போர்டுல அந்த வாயில சொருகினா பக்கத்துல சாட்டா வாயி ஒண்ணு ரெண்டு செத்துடும், ரெண்டுக்கும் ஒரே பாதை. பழைய டிஸ்கு காணோம்னு அழுவறதுக்கு முந்தி வேற வாயில சொருகிப் பாரு.

இதெல்லாம் நம்ம மாதிரி பட்டிக்காட்டானுக்குத்தான் நடக்கும்னு வெக்கப்படாத. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர திருடங்கிட்ட இருந்து காப்பாத்தறதுதான் அவன் தொழிலு. ஒரே ஒரு அப்டேட்டு அனுப்புனான். உலகத்துல 85 லட்சம் விண்டோஸ் பொட்டி நீலத் திரையில நின்னு போச்சுன்னு மைக்ரோசாஃப்டே கணக்கு சொல்லுச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுலயும் போர்டிங் பாஸ பேனாவால எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு என்னா வைத்தியம் பண்ணாங்க? ஒவ்வொரு பொட்டியா சேஃப் மோடுல எழுப்பி, புதுசா வந்த அந்த ஒரு ஃபைல கையால அழிச்சாங்க. கோட்டு சூட்டு போட்டவனும் கடைசியில, எது புதுசா உள்ள வந்துச்சோ அதத் தூக்கி வெளிய போட்டான், பொட்டி எழுந்துச்சு.

அதத்தான் உங்கிட்டயும் சொல்றேன், நீ கேக்கமாட்டேங்கிற. நேத்து வரைக்கும் ஓடுச்சு. ராத்திரி நீ மூணத் தொட்ட. நோவு அந்த மூணுலதான் இருக்கும், இல்லன்னா அந்த மூணையும் போடறப்ப உன் முழங்கை பட்டு கழண்ட ஏதோ ஒண்ணுல இருக்கும். விண்டோஸ்ல இல்ல, வைரஸ்ல இல்ல, பக்கத்து வூட்டுக்காரி கண்ணுல இல்ல. மூணையும் கழட்டி, பழையபடி இருந்தாப்புல வெச்சு எழுப்பு. எழுந்தா ஒண்ணொண்ணாப் போடு. ஒவ்வொண்ணு போட்டதும் எழுப்பிப் பாரு. எதப் போட்டதும் படுத்துதோ அவன்தான் ஆளு. பழையபடி வெச்சும் எழலன்னா, பிராசசரு, அதுக்குக் கூலரு, ஒரு ரேமு, இத்தினிய மட்டும் வெச்சு எழுப்பு. படம் காட்டத் தெரியாத பிராசசருன்னா கார்டும் வேணும். மிச்சம் எல்லாத்தையும் புடுங்கிடு. இது ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கத்துல பண்ற வேலை இல்ல. ஒவ்வொரு தடவையும் கரண்டப் புடுங்கு, கேபினெட் இரும்பக் கையால ஒரு தடவ தொடு, அப்பறம் உள்ள கை விடு.

உங்காளுங்க வேற மாதிரி பண்ணுவானுங்க, எனக்குத் தெரியும். கார்டு போட்டான், எழல. உடனே ரேம் மாத்துவான். எழல. மதர்போர்டு மாத்துவான். அதுக்கு சேரலன்னு பிராசசரு மாத்துவான். கடைசியில எல்லாமே புதுசு, எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோட சும்மா வந்தது. காரிமங்கலத்துல இருந்து ஒரு பையன் அப்பிடித்தான் வந்தான். அவன் செலவழிச்ச காசுல ஒரு கறவை மாடு புடிச்சிருக்கலாம். மருமவன் அவனுக்கு ரெண்டு கனெக்டரக் கழட்டி மாட்டிக் குடுத்தான், தப்பு அவ்ளோதான் இருந்துச்சு. கழட்டிப் போட்ட பழைய சாமான கொண்டாந்து குடுத்தான்னா நாங்க பாதி விலைக்கு எடுத்துக்குவோம். யாவாரம் நல்லாத்தான் போவுது, நான் ஏன் உங்கிட்ட இதச் சொல்லிக்கினு இருக்கேன்னு எனக்கே தெரியல.

அதனால கேட்டுக்க. கார்டுக்கு பில்லு, வாரண்டி அட்டை பத்திரமா வெச்சிருக்கியா? நல்லது. கார்டத் திருப்பிக் குடுக்கப் போறேன்னு பெங்களூருக்கு பஸ் ஏறாத, அது மேல எனக்கு சந்தேகமே இல்ல. வூட்டுக்குப் போயி கார்டையும் அந்த கன்வெர்ட்டர் வயரையும் கழட்டு. உன் பிராசசருக்கு சொந்தப் படம் உண்டுன்னு சொன்ன, அதனால மானிட்டர போர்டுல சொருகி எழுப்பு. எழுந்துச்சுன்னா, ரேமும் எஸ்எஸ்டியும் நல்லவங்கன்னு வெச்சுக்க, வழக்கு முடிஞ்சுது. அந்த கன்வெர்ட்டர குப்பையில போடு, வேற எவனுக்கும் குடுத்துத் தொலைக்காத. தனியா எட்டு பின்னு வயரு வர்ற, ஸ்டிக்கருல கட்டம் இருக்கற, நிஜமான 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு வாங்கு. கார்டு வாங்குன காசுல அது கொஞ்சம்தான். அப்பனுக்கிட்ட கேக்கறப்ப தக்காளி விலை என்னான்னு மொதல்ல விசாரிச்சுட்டுக் கேளு.

மருமவன் வண்டிச் சத்தம் மாதிரி கேக்குது. பொட்டியத் தூக்கு, டீக்குக் காச வெச்சுட்டுக் கெளம்பு. அவன் வந்து மூடியத் தொறந்துட்டான்னா பாக்கறதுக்கே முந்நூறு ரூபா.